ரத்தான முக்திநாத் யாத்திரை: கட்டின பணம் எவ்வளவு திரும்பி வந்தது

யாத்திரை டிராவல்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் சாப்பாடு எப்படி, ரூம் எப்படி, தரிசனம் நல்லபடியாக ஆச்சா என்றுதான் எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது போகாத யாத்திரையைப் பற்றி. முழுப் பணமும் கட்டி முடித்த பிறகு, போகிற நாட்டில் கலவரம் வெடித்து, "வேண்டாம், நாங்கள் வரவில்லை" என்று சொன்னால் அந்த டிராவல்ஸ்காரர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது நோட்டீஸில் இருக்காது. நமக்கு அது நடந்தால்தான் தெரியும். எங்களுக்கு நடந்தது.

கடை எம்.சி. ரோடு பக்கம், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில். பெயரை எழுதவில்லை. என் தரப்பை மட்டும் வைத்து ஒருவர் பிழைப்பில் கை வைக்க எனக்கு மனசில்லை. வடசென்னையில் கோயில் வாசல்களில் பிட் நோட்டீஸ் கொடுத்து ஆள் சேர்க்கிற யாத்திரை சர்வீஸ்கள் பெரும்பாலும் இதே மாதிரிதான் நடக்கின்றன, அதனால் பெயர் இல்லாமலே இது உதவும்.

நாங்கள் இருப்பது காலடிப்பேட்டை. என் மாமியாருக்கு 72 வயது. ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான 108 திவ்ய தேசங்களில் இரண்டு இந்தப் பூமியில் இல்லை, 105 இந்தியாவில், மீதி இருக்கிற ஒன்று நேபாளத்தில் முக்திநாத். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அது. இதே டிராவல்ஸோடு மாமியார் நைமிசாரண்யம், அயோத்தி, பத்ரி எல்லாம் போய் வந்தவர். பத்ரியில் அந்தக் குளிரில் சமையல்காரர் விடியற்காலையில் மிளகு ரசம் வைத்துக் கொடுத்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். கூடவே சமையல் ஆள், அடுப்பு, மளிகை எல்லாம் ஏற்றிக்கொண்டு போவதுதான் இவர்களுடைய பலம். வயசானவர்களைப் பொறுமையாகக் கூட்டிப்போவார்கள். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதனால்தான் 2025 ஜூனில் நோட்டீஸ் வந்ததும் யோசிக்கவே இல்லை. புரட்டாசியில், செப்டம்பர் 26 கிளம்புகிறது. கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் சோனாலி எல்லை தாண்டி போக்ரா, போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம், அப்புறம் ஜீப்பில் முக்திநாத், திரும்பும்போது காட்மாண்டு பசுபதிநாத். ஆளுக்கு 42,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து. வீட்டுக்காரர், மாமியார், நான் மூன்று பேருக்கு 1,26,000. வெளிநாட்டு டூர் என்பதால் ஐந்து சதவீதம் டிசிஎஸ், அதாவது டிராவல்ஸ் நம்மிடம் வாங்கி வருமான வரித்துறைக்குக் கட்டுகிற வரி, 6,300 தனி. மாமியாருக்குப் பாஸ்போர்ட் கிடையாது, நேபாளத்துக்கு வோட்டர் ஐடி போதும். பணம் முழுக்க அவருடையது. மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பப் பென்ஷனில் மாசாமாசம் போஸ்ட் ஆபீஸ் ஆர்டி கட்டிச் சேர்த்த பணம் அது.

செப்டம்பர் 8 அன்று காட்மாண்டுவில் சமூக வலைத்தளத் தடையை எதிர்த்துப் போராடிய இளைஞர்கள் மேல் போலீஸ் சுட்டது. அன்றைக்கே 19 பேர் செத்துப்போனார்கள். மறுநாள் பிரதமர் ஒலி ராஜினாமா செய்தார், பாராளுமன்றம் எரிந்தது, சுப்ரீம் கோர்ட் எரிந்தது, பெரிய பெரிய ஓட்டல் கூட எரிந்தது. ஜெயில்களை உடைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் கைதிகள் வெளியே வந்துவிட்டார்கள். காட்மாண்டு ஏர்போர்ட்டை மூடினார்கள். நிலைமை சீராகும் வரை நேபாளப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று நம் வெளியுறவு அமைச்சகமே அறிவித்தது. டிவியில் அந்தப் புகையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

என் பயம் கலவரத்தைப் பற்றி மட்டும் இல்லை. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். பிரஷர் மாத்திரை போடுகிற 72 வயசு மனுஷிக்கு அங்கே மூச்சு முட்டினால் உடனே கீழே இறக்க வேண்டும். விமானம் இல்லை, ரோட்டில் ஊரடங்கு என்றால் எப்படி இறக்குவது? இதற்கு யாராவது பதில் சொன்னால் போகலாம் என்றுதான் இருந்தேன். மாமியாருக்குப் பயமே இல்லை. "பெருமாள் கூப்பிட்டா போய்த்தான் ஆகணும்மா, அங்கேயே போனாலும் சந்தோஷம்தான்" என்றார். அவருக்குச் சந்தோஷம், தூக்கிக்கொண்டு வரவேண்டியது நாங்கள். இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாமல் இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

10-ஆம் தேதி டிராவல்ஸுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "அக்கா, ஏர்போர்ட் திறந்துடுவாங்களாம், ரெண்டு மூணு நாள் பொறுங்க, அண்ணன் பேசுவாரு" என்றாள். தன்மையாகத்தான் பேசினாள். ஆனால் இந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்கிறேன். பணம் கட்டும்போது கொடுத்த ரசீதின் பின்பக்கம் சின்ன எழுத்தில் விதிமுறைகள் இருந்தன. கிளம்ப 30 நாளுக்கு மேல் இருந்தால் கால்வாசி பிடித்தம். 30-லிருந்து 15 நாள் வரை பாதி. 15 நாளுக்குள் வந்துவிட்டால் ஒரு பைசா கிடையாது. 26-ஆம் தேதி பயணத்துக்கு 11-ஆம் தேதியோடு அந்தக் கெடு முடிகிறது. அந்தப் பெண் சொன்னபடி "ரெண்டு மூணு நாள் பொறுத்திருந்தால்" பாதிப் பணமும் போயிருக்கும். வேண்டுமென்றே சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கே அந்தக் கணக்கு தெரியாமலும் இருக்கலாம். விளைவு ஒன்றுதான்.

இந்தத் தொழிலில் இதுதான் சூட்சுமம். யார் முதலில் ரத்து என்று சொல்கிறார்களோ அவர்கள் தலையில்தான் நஷ்டம் விடியும். டிராவல்ஸ் தானாக யாத்திரையை நிறுத்தினால் நாம் முழுப் பணத்தைக் கேட்க நியாயம் இருக்கிறது. நாம் பயந்து விலகினால் அவர்களுடைய பிடித்தக் கணக்கு. அதனால் அவர்கள் "யாத்திரை நடக்கும்" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள், நாம் பொறுத்துப் பொறுத்துப் பார்ப்போம், தேதி ஓடிவிடும். அன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன்: வெளியுறவு அமைச்சக அறிவிப்பின் காரணமாக நாங்கள் மூவரும் விலகுகிறோம், இன்றைய தேதியை ரத்துத் தேதியாக எடுத்துக்கொள்ளவும். அமைச்சக அறிவிப்பின் படத்தையும் கூட அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அடுத்த ஓரிரு நாளில், பசுபதிநாத் தரிசனம் முடித்துச் சோனாலிக்கு வந்துகொண்டிருந்த நம் நாட்டு யாத்ரீகர் பஸ் ஒன்றைக் கும்பல் கல்லால் அடித்துப் பைகளைப் பறித்த செய்தி வந்தது. ஆந்திராவிலிருந்து போனவர்கள். எங்கள் பஸ்ஸும் அதே ரோட்டில்தான் வரவேண்டியது. அதற்கப்புறம் மாமியாரும் வாயைத் திறக்கவில்லை.

பதில் வராததால் நேரில் போனோம். மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை இறங்கி நடந்தால் கடை. உரிமையாளர் நல்ல மனுஷர், மாமியாருக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். பேச்சு மட்டும் கறார். ஏர்போர்ட் 10-ஆம் தேதி சாயங்காலமே திறந்தாச்சு, 12-ஆம் தேதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமர் ஆகிவிட்டார், ஊரடங்கை எடுத்தாச்சு, மற்றவர்கள் வருகிறார்கள், நீங்கள்தான் பயப்படுகிறீர்கள் என்றார். அவர் சொன்ன எதுவும் பொய் இல்லை. "கேஷ் ரீஃபண்ட் நம்மகிட்ட கிடையாது மேடம், முழுத் தொகைக்கும் வவுச்சர் போட்டுத் தர்றேன், ஒரு வருஷத்துக்குள்ள எந்த யாத்திரைக்கு வேணா வாங்க" என்றார்.

வவுச்சரை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். 72 வயசுக்காரருக்கு ஒரு வருஷ வவுச்சர் என்ன உத்தரவாதம்? அது மற்றவர் பெயருக்கு மாற்றவும் முடியாதாம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "எங்க மூணு பேர் பணத்துல இதுவரைக்கும் எது எது வெளிய போயிருக்கு, காட்டுங்க சார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அலமாரியிலிருந்து காலிகோ அட்டை போட்ட ஒரு நீளமான நோட்டை எடுத்தார். ஒவ்வொரு யாத்திரைக்கும் ஒரு பக்கம். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, எல்லாம் நீலப் பேனா. முன்பணம் கொடுத்தது சிவப்பில் வட்டம் போட்டிருந்தது. போக்ரா ஏஜென்டுக்கு ஜோம்சோம் விமானத்துக்கு அட்வான்ஸ், காட்மாண்டு ஓட்டலுக்கு அட்வான்ஸ், கோரக்பூர் பஸ்காரருக்கு அட்வான்ஸ். மளிகை வரியில் ஒன்றும் எழுதவில்லை, ஏனென்றால் கிளம்பும் வாரம்தான் வாங்குவார்கள். ரயில் வரியில் ஆளுக்கு 4,600 சொச்சம் முழுசாகச் செலவில் இருந்தது.

அந்த ரயில் வரியில்தான் நான் விரலை வைத்தேன். 2025-இல் இருந்த விதிப்படி, உறுதியான ஏசி மூன்றடுக்கு டிக்கெட்டை வண்டி கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் ரயில்வே பிடித்தது ஆளுக்கு 180 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான். பாக்கி பணம் டிக்கெட் போட்டவர் கணக்குக்குத் திரும்பி வந்துவிடும். ஒரே பிஎன்ஆரில் ஆறு பேர் இருந்தாலும் மூன்று பேரை மட்டும் ரத்து செய்யலாம். அதாவது எங்கள் ரயில் பணம் எங்கேயும் போகவில்லை, அவரிடமேதான் வரப்போகிறது. சாப்பாட்டுப் பணமும் அப்படியே. பஸ் விஷயத்தில் அவர் சொன்னதை நான் ஒத்துக்கொண்டேன்: மூன்று பேர் குறைந்தாலும் பஸ் வாடகை குறையாது, மீதிப் பேர் தலையில் அதைக் கட்ட முடியாது. அது நியாயம். இவர் ஏமாற்றுக்காரர் இல்லை, கைமுதல் கம்மியான ஆள், ஒரு யாத்திரைப் பணத்தை வைத்து அடுத்ததற்கு அட்வான்ஸ் கொடுக்கிறவர் என்று அந்த நோட்டைப் பார்த்ததும் புரிந்தது. அதற்காக ஆர்டி பணத்தை விட்டுவிட்டு வர முடியாது.

கடைசியில் ஒத்துக்கொண்டது: 64,000 வங்கிக் கணக்கில், 36,000-க்கு வவுச்சர், 26,000 பிடித்தம். வவுச்சரைக் குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கையால் எழுதி சீல் வைத்துக் கொடுத்தார். பணம் இரண்டு தவணையாக வந்தது. இரண்டாவது தவணைக்குத் தீபாவளி தாண்டியும் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. நாள் சொன்னால் அந்த நாளில் போட வேண்டும். வயசானவர் பணம் என்று தெரிந்தும் இழுத்தடித்தது இந்த சர்வீஸில் நான் பார்த்த பெரிய குறை.

டிசிஎஸ் 6,300-ஐப் பற்றி அவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். அது ஏற்கெனவே வருமான வரித்துறைக்குப் போய், வீட்டுக்காரர் பான் எண்ணில், கட்டின வரியைக் காட்டுகிற 26ஏஎஸ் படிவத்தில் ஏறி நிற்கிறது. ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். யார் பான் கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் முதலிலேயே யோசித்துக் கொடுங்கள். இன்சூரன்ஸ் என்று நோட்டீஸில் போட்டிருந்ததே என்று கேட்டேன். அது பயணத்தில் இருக்கும்போது ஆகிற மருத்துவச் செலவுக்கு மட்டும்தானாம். பயந்து போகாமல் இருப்பதற்கு அதில் ஒன்றும் கிடையாது.

பேச்சு முறிந்திருந்தால் 1915-க்குப் போன் செய்யலாம் என்று வீட்டுக்காரர் தயாராக இருந்தார். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, வடசென்னைக்குத் தனியாகவே உண்டு, ஐந்து லட்சம் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் இல்லை. எங்களுக்கு அவசியப்படவில்லை. ஆனால் ரசீது, வாட்ஸ்அப் செய்தி, தேதி மூன்றும் கையில் இருந்ததால்தான் தைரியமாக உட்கார்ந்து பேச முடிந்தது.

அந்த யாத்திரை 26-ஆம் தேதி கிளம்பிப் போய், எல்லாரும் நல்லபடியாகத் தரிசனம் செய்துவிட்டு வந்தார்கள். எனக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம். அவர்கள் போனதால் நாங்கள் நின்றது தப்பாகிவிடாது. மாமியார் மட்டும் முக்திநாத் கோயிலில் கொட்டுகிற அந்த 108 தண்ணீர்த் தாரைகளில் நனைந்தவர்களைப் பார்த்து இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இவர்களோடு மறுபடி போவீர்களா என்று கேட்டால், போவோம். வவுச்சர் இருக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை. கேட்டபோது நோட்டைத் திறந்து காட்டினாரே, அந்த ஒன்றுக்காக. நேபாளத்தில் 2026 மார்ச் 5 தேர்தல் என்று அறிவித்தார்கள். அது முடிந்து ஒரு மாசம் பார்த்துவிட்டு அந்த ஏப்ரல் கடைசியில் போகிற யாத்திரைக்குப் பெயர் கொடுத்தோம். இந்தத் தடவை முழுப் பணம் கட்டவில்லை, ஆளுக்கு 5,000 முன்பணம்தான். ரசீதின் பின்பக்கம் அவரையே ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்: "இந்திய வெளியுறவு அமைச்சகம் பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னால், எத்தனை நாள் இருந்தாலும், வெளியில் கொடுத்த அட்வான்ஸ் போக மீதி முழுவதும் 15 நாளில் வங்கிக் கணக்கில் திருப்பித் தரப்படும்."