ரீகல் ஏஞ்சல் வாங்கிய கடை

கொளத்தூரில் கடல் மீன்கள் விற்கும் கடையொன்றில், என் பவளத் தொட்டிக்காக ரீகல் ஏஞ்சல் மீனை வாங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. கடலில் பெரும்பாலும் கடற்பஞ்சுகளை மேய்ந்து வாழும் இம்மீன், தொட்டிக்கு வந்தபின் இரையைத் தொடாமலே மெலிந்து மடிவதுண்டு என்பதால், பணம் கொடுப்பதற்கு முன் அது உண்பதைக் காட்டுமாறு கேட்டேன். கடைக்காரர் சலித்துக்கொள்ளாமல் ஓடு பிளந்த மட்டியொன்றை உள்ளே இறக்கினார். பாறை இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மீன், சில நிமிடங்கள் கழித்து மெல்ல வந்து சதையைக் கொத்தியது. மஞ்சள் மார்புள்ள இந்தியப் பெருங்கடல் வகை, சாம்பல் மார்புள்ள பசிபிக் வகையைவிட எளிதில் இரைக்குப் பழகும் என்பார்கள். எனக்கு வாய்த்தது மஞ்சள் மார்புதான்.

ஆனால், 25 செ.மீ. வரை வளரக்கூடிய மீனுக்கு 200 லிட்டர் தொட்டியே போதும் என்று அங்கிருந்த ஊழியர் சொன்னது பொறுப்பற்ற பேச்சு. பவளங்களை அது கடிக்கக்கூடும் என்றும் எவரும் எச்சரிக்கவில்லை. இரண்டாம் மாதத்திலேயே என் சோவாந்தஸ் என்னும் பவளம் போன்ற உயிரிக் கூட்டத்தின் ஓரம் கொத்துப்பட்டுச் சுருங்கியது. இப்போது அதை மீன் எட்டாத தனித் தொட்டிக்கு மாற்றியிருக்கிறேன். விலை கூடுதல்தான், இருப்பினும் அடுத்த மீனையும் அங்கேயே வாங்குவேன்.