தள்ளுவண்டி மண்டபமா, பெயர் தெரியாத சிறு கடையா: நல்ல டிம் சம் எங்கே?

தேநீருடன் சிறு சிறு கூடைகளிலும் தட்டுகளிலும் பரிமாறும் சீனச் சிற்றுண்டியான டிம் சம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, நூற்றுக்கணக்கானோர் அமரும் கான்டனீய (தென்சீன) உணவு மண்டபமும், மூங்கில் கூடைகளைச் சுமந்து மேசைகளுக்கிடையே நகரும் தள்ளுவண்டிகளும்தான். ஆயினும், வாசலில் நூடுல்ஸ் பட்டியல் மட்டுமே தொங்கும், பத்து மேசைகள்கூட இல்லாத கடையொன்றில் அதைவிடச் சிறந்த டிம் சம் கிடைப்பதுண்டு. அதற்குக் காரணம் மாவிலேயே இருக்கிறது.

இரண்டு இடங்களையும் எடைபோட, இறால் பூரணம் வைத்து மடிக்கும் ஹார் காவ் ஒன்றே போதும் என்பது என் கருத்து. குளூட்டன் நீக்கிய கோதுமை மாச்சத்தில் கொதிநீர் விட்டுப் பிசைந்து செய்யும் அதன் மேல்மாவு, வெந்த சூட்டில் உள்ளிருக்கும் இறாலின் இளஞ்சிவப்பு தெரியுமளவுக்குக் கண்ணாடிபோல் இருக்கும். ஆறினால் மங்கி விறைத்துவிடும், ஆவியிலேயே நெடுநேரம் கிடந்தால் குழைந்து கூடையில் ஒட்டிக் கிழிந்துவிடும். ஆகவே, கூட்டம் நிரம்பி வழியும் வேளையில் தள்ளுவண்டி ஒரு வரம். கூடை வெளிவந்த சில நிமிடங்களில் காலியாகிவிடும். கூட்டம் குறைந்த பிற்பகலில் அதே வண்டி அதே கூடைகளுடன் சுற்றிச் சுற்றி வருகிறது. சிறு கடையிலோ வேண்டியவற்றைச் சீட்டில் குறித்துக் கொடுத்த பிறகே கூடை அடுப்பேறுகிறது. காத்திருக்க வேண்டும்தான், அந்தக் காத்திருப்புக்கு உரிய பலன் தட்டில் தெரியும்.

இதற்கு ஹாங்காங்கிலேயே சான்று உண்டு. உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிச்செலின் கையேட்டில் அப்போது மூன்று நட்சத்திரம் பெற்றிருந்த லுங் கிங் ஹீன் உணவகத்தில் டிம் சம் செய்துவந்த மாக் க்வாய் புய், 2009இல் மோங் காக்கில் சுமார் 20 இருக்கைகளுடன் டிம் ஹோ வான் என்ற கடையைத் திறந்தார். 2010ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே அதற்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. இடம் சிறுத்ததால் கைப்பக்குவம் குறைந்துவிடவில்லை.

எனினும், பெரிய மண்டபத்தைத் தள்ளிவிட முடியாது. கோழிக்கால்களைப் பொரித்து, குளிர்நீரில் ஊறவைத்து, மெல்ல வேகவைத்து, புளிக்கவைத்த கருஞ்சோயாவில் புரட்டி, மீண்டும் ஆவியில் வைக்கும் நீண்ட வேலைக்கு ஆள்பலமும் அடுப்புகளும் வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்து தேநீருடன் இருபது வகைகளைச் சுவைக்கவும் மண்டபமே ஏற்றது.

சிறு கடையில் உள்ள உண்மையான ஆபத்து, உறையவைத்த பொட்டலம். எல்லா மடிப்பும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருந்து, பூரணத்தில் இறால் துண்டாகப் பல்லில் படாமல் விழுதாகவே இருந்தால், அங்கே டிம் சம் கைகொண்டு செய்யப்படவில்லை என்று கொள்ளலாம். அறியாத கடையில் முதலில் ஒரு கூடை ஹார் காவ் மட்டும் கேளுங்கள்; குச்சியால் தூக்கும்போது மாவு கிழியாமல், கடிக்கையில் இறால் நெறுக்கென்று இருந்தால் சீட்டை மறுபடி வாங்கி மற்றவற்றையும் குறியுங்கள்.