மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பறப்பு: மைலை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

விமான நிறுவனங்கள் பயணிகளின் கணக்கில் பரிசாக வரவு வைத்து, பிறகு டிக்கெட்டாக மாற்றிக்கொள்ள விடுகிற புள்ளிக்கும் மைல் என்றுதான் பெயர். முதலில் தூரத்தைப் பார்ப்போம். மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 260 மைல். பெங்களூருக்கு 235 பக்கம் வரும். கொழும்பு இன்னும் கிட்டத்தில், ஏறக்குறைய 220. மும்பை வரை போனால்தான் 700-ஐத் தாண்டும். அதனால் "பறந்த தூரத்துக்கு மைல்" என்று ஒரு நிறுவனம் சொன்னவுடன் சந்தோஷப்படுவதற்கு முன்னால், பெருங்குடியில் வந்து விமானம் ஏறுகிற நமக்கு அதில் எவ்வளவு தேறும் என்று பார்த்துவிட வேண்டும்.

ரொம்பத் தேறாது. மலிவு விலை டிக்கெட்டுக்கு முழுத் தூரத்தையும் வரவு வைக்க மாட்டார்கள். டிக்கெட்டில் கட்டண வகையைக் குறிக்கும் வகுப்பு எழுத்தைப் பார்த்து அரைப் பங்கு, கால் பங்கு என்று குறைப்பார்கள். சென்னைக்குக் கால் பங்கு என்றால் 65 மைல். முன்பு அமெரிக்க நிறுவனங்கள் பல, எவ்வளவு குட்டிப் பயணமானாலும் குறைந்தது 500 மைல் கொடுத்தன. குறும்பயணக்காரர்களுக்கு அது பொற்காலம். 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் தூரக் கணக்கை விட்டுவிட்டு, டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்துக்குப் புள்ளி என்று மாறின. 2024-ல் ஏர் இந்தியாவும் அந்தப் பக்கம் வந்துவிட்டது.

பணக் கணக்கு நமக்கு நல்லதா? ஓரளவுக்கு. சென்னைக்கு 4,600 ரூபாய் டிக்கெட், அதில் அடிப்படைக் கட்டணம் 3,600, நூறு ரூபாய்க்கு 6 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 216 புள்ளி வரும். மீதி ஆயிரம் ரூபாய்க்கு ஒன்றும் கிடையாது. ஜிஎஸ்டி, பாதுகாப்புக் கட்டணம், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் எதற்கும் புள்ளி விழாது. குறும்பயணத்தின் உபத்திரவம் இதுதான்: டெல்லிக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் இந்த நிலையக் கட்டணங்கள் குறைவதில்லை. அதனால் டிக்கெட் விலையில் புள்ளி தராத பங்கு நமக்குத்தான் அதிகம்.

அதே டிக்கெட் பொங்கல் வாரத்தில் அடிப்படைக் கட்டணமே 11,000 ஆகிவிட்டால் 660 புள்ளி. தூரக் கணக்கிலோ அப்போதும் அதே 65 தான். ஆக, பணக் கணக்கு கடைசி நேரத்தில் ஓடி வந்து வாங்குகிறவருக்குச் சாதகம். சிவகாசி அச்சகத்திலிருந்து ஆர்டர் பேச அவசரமாகக் கிளம்புகிற விற்பனை மேலாளருக்கு, டிக்கெட் காசு கம்பெனியுடையது, புள்ளி அவருடையது. இரண்டு மாதம் முன்பே மலிவாக எடுத்து வைக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியருக்குப் புள்ளி சொற்பம்தான், ஆனால் மிச்சப்படுத்திய பணம் அதைவிடப் பெரிது. புள்ளிக்காக விலை கூடிய டிக்கெட் எடுப்பதெல்லாம் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை.

சரி, எந்தத் திட்டம்? மதுரையிலிருந்து கிளம்பும் உள்நாட்டு விமானங்களில் பெரும்பகுதி இண்டிகோ. 2006-ல் பறக்கத் தொடங்கிய நிறுவனம், புளூசிப் என்ற உறுப்பினர் திட்டத்தை 2024-ல்தான் கொண்டுவந்தது. சென்னை, பெங்களூர், ஹைதராபாத் என்று மட்டும் சுற்றுகிறவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். இதில் சேர்ந்துவிட்டு, அதே வழித்தடத்தில் செலவழித்துவிடலாம். குறை ஒன்று உண்டு. ஒன்றில் பறந்து மற்றொன்றின் கணக்கில் மைல் சேர்க்க விடுகிற உலகக் கூட்டணி எதிலும் இண்டிகோ இல்லை. ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்பில் அந்த வசதி இருக்கிறது. அது சேர்ந்திருக்கும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் நிறுவனங்களில் பறந்து சேர்க்கலாம், அவற்றிலேயே செலவும் செய்யலாம். ஆனால் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அந்தக் கூட்டணியில் இல்லை. பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. சென்னைக்குப் போய் அங்கிருந்து ஏர் இந்தியாவில் அடிக்கடி மாறிப் போகிறவருக்கு மட்டும் மகாராஜா கிளப் பொருந்தும்.

உண்மையான போட்டி கொழும்பு விமானத்தில்தான். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் ஒன்வேர்ல்டு கூட்டணியில் இருக்கிறது. அதனால் மதுரை–கொழும்பு பயணத்தை அவர்களுடைய பிளைஸ்மைல்ஸ் கணக்கிலும் போடலாம், கத்தார் ஏர்வேஸ் அல்லது பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ் (அவர்கள் மைலுக்கு வைத்திருக்கும் பெயர்) கணக்கிலும் போடலாம். ஒரு பயணத்துக்கு ஒரு கணக்குதான், இரண்டிலும் வாங்க முடியாது. கொழும்போடு நின்றுவிட்டால் எதில் போட்டாலும் பெரிதாக ஒன்றும் வராது. கொழும்பில் மாறி லண்டனுக்கோ மெல்போர்னுக்கோ போகும்போதுதான் கணக்கு கனக்கும். முதல் 220 மைல் ஊறுகாய் மாதிரி.

இதில் என் ஓட்டு ஏவியோஸுக்கு. காரணம் மைல் விகிதம் இல்லை, காலாவதி. ஏவியோஸில் 36 மாதத்துக்குள் ஏதாவது ஒரு வரவோ செலவோ நடந்தால் மொத்த இருப்புக்கும் ஆயுள் புதுப்பிக்கப்படும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மகளைப் பார்க்க வெளிநாடு போகிற காரைக்குடி ஆச்சிக்கு இந்த விதி பெரிய உதவி. சிறுகச் சிறுகச் சேர்க்கிறவருக்கு, சேர்ந்து முடிப்பதற்குள் பழசு அழிந்துகொண்டே வந்தால் என்ன பிரயோஜனம்? அப்புறம், ஏவியோஸை பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஐபீரியா, ஃபின்ஏர் கணக்குகளுக்கு இடையில் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

சிங்கப்பூர் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் திட்டமான கிரிஸ்ஃபிளையரைக் கேட்பார்கள். திருச்சியிலிருந்து போகும், அதன் மலிவு விலை நிறுவனமான ஸ்கூட் விமானத்திலும் அந்த மைல் சேரும். ஆனால் அதில் மூன்று வருடக் கெடு, நடுவில் எத்தனை முறை பறந்தாலும் பழைய மைலின் கெடு நீளாது. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது போகிறவருக்குச் சரி. மற்றவர்கள் கிரெடிட் கார்டு புள்ளியை வைத்துக்கொண்டிருப்பது மேல். எச்டிஎஃப்சி, ஆக்சிஸ் போன்ற வங்கிகளின் சில கார்டுகளில் சேர்ந்த புள்ளியை, டிக்கெட் எடுக்கப்போகிற நேரத்தில் மைலாக மாற்றிக்கொள்ளலாம். டவுன்ஹால் ரோட்டில் பட்டுச் சேலை எடுத்தாலே, சென்னைக்குப் பறந்து சேர்க்கும் மைலைவிட அதிகம் வந்துவிடும். கார்டு பாக்கியை மாதாமாதம் முழுதாகக் கட்டுகிறவருக்கு மட்டும்தான் இது. வட்டி கட்ட ஆரம்பித்தால் மைலாவது ஒன்றாவது.

எதில் சேர்ந்தாலும் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், டிக்கெட்டும் அப்படியே வரும். உறுப்பினர் கணக்கிலோ "எம். கருப்பசாமி" என்று இருக்கும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் மைல் வரவாகாமல் நிற்கும். கணக்கு தொடங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுத்துவிடுங்கள். போர்டிங் பாஸையும் மைல் வரவாகும்வரை தூக்கிப்போட வேண்டாம், விடுபட்ட மைலைக் கேட்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.