கடலோர வீட்டில் சுகர் மெஷின்: வருஷக்கணக்கில் பயன்படுத்தினால் தெரிய வருபவை

வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் சுகர் மெஷின் சீக்கிரம் கெடுவதில்லை. கெட்டுப்போவது ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப். "நேற்று 140, இன்று 210, மெஷின் தப்பாகக் காட்டுது" என்று கடலூரிலும் புதுச்சேரியிலும் வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்ட்ரிப் டப்பா இருந்த இடத்தை, அடுத்து விரலை.

ஸ்ட்ரிப்பின் நுனியில் குளுக்கோஸோடு வினைபுரியும் நொதி பூசியிருக்கும். ஈரக்காற்றும் சூடும் பட்டால் அது வீரியம் இழக்கும். டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பது அதற்காகத்தான். கடற்காற்று வீசும் வீட்டில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஊசியைத் தேடப் போனாலே அந்தப் பொருள் வீணாகிறது. ஒன்றை எடுத்ததும் மூடிவிட வேண்டும். அடுப்படி அலமாரி, ஜன்னல் ஓரம், ஸ்கூட்டர் டிக்கி மூன்றும் ஆகாது. ஃப்ரிட்ஜும் ஆகாது, வெளியே எடுத்துத் திறந்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பல பிராண்டுகளுக்கு 30 டிகிரிதான் மேல்வரம்பு. கத்திரி வெயிலில் அறையே அதைத் தாண்டிவிடும் என்பதால் வீட்டிலேயே குளுமையான, இருட்டான அலமாரிதான் சரி.

50 ஸ்ட்ரிப் டப்பா மலிவு என்று வாங்குவதில் ஒரு கணக்குப் பிழை நடக்கிறது. திறந்த டப்பா சில பிராண்டில் 3 மாதம், சிலவற்றில் 6 மாதம் வரை தாங்கும். வாரத்துக்கு இரண்டு முறை பார்ப்பவருக்கு 50 தீர 25 வாரம் ஆகும். 3 மாதக் கெடு உள்ள டப்பா என்றால் பாதி வீண். இப்படிப்பட்டவர்கள் 25 ஸ்ட்ரிப் உள்ள டப்பாவோ, தனித்தனி உறையில் வருவதோ வாங்கலாம். திறந்த தேதியைப் பேனாவால் டப்பாவிலேயே எழுதிவிடுங்கள்.

இனி விரல். பண்ருட்டிப் பலாச்சுளை உரித்த கையை எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுக் குத்தினால் பிசின் போயிருக்கும், சர்க்கரை போயிருக்காது; மெஷின் அதையும் சேர்த்து எண்ணும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். நடுவில் குத்தினால் வலி அதிகம். ரத்தம் வராவிட்டால் கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும்.

லேப் முடிவோடு ஒப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சுகர் மெஷின்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197-இன்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை விலகல் அனுமதிக்கப்பட்டது. லேப்பில் 200 என்றால் மெஷின் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் தரத்துக்குள்தான். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில், லேப்பில் கையின் சிரையிலிருந்து எடுக்கும் ரத்தத்தைவிடச் சர்க்கரை கூடுதலாகவே இருக்கும். எனவே ஒப்பிடுவது வெறும் வயிற்றில் மட்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மெஷின் கூட்டிக் காட்டலாம். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று முடிவு செய்வதும் லேப் வேலை: வெறும் வயிற்றில் 126 அல்லது எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 6.5 சதவீதம் தொட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மெஷினின் உண்மையான பயன் ஜோடியாகப் பார்ப்பதில் இருக்கிறது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவருக்கு மதியச் சோறு என்ன செய்கிறது என்பது தெரியவே தெரியாது. ஒரு வேளையைத் தேர்ந்து, சாப்பிடும் முன் ஒன்று, முதல் கவளத்திலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒன்று பாருங்கள். பலருக்கும் பொதுவான இலக்கு முன்பு 80 முதல் 130, பின்பு 180-க்குள்; முதியவர்களுக்கு மருத்துவர் தளர்த்திச் சொல்லலாம். மறுநாள் அதே சாப்பாட்டில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நான்கு இட்லி மூன்றாகட்டும், அல்லது சோற்றில் ஒரு கரண்டி குறையட்டும். மீன் குழம்பின் மீது பழி போடுகிறவர்கள் இதைச் செய்து பார்த்தால் ஏற்றியது மீனல்ல, இரண்டாம் முறை போட்ட சோறு என்று தெரியும். எண்ணைப் பார்த்து மாத்திரையை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

70-க்குக் கீழே காட்டினால் காரணம் தேடாதீர்கள். தண்ணீரில் 3 தேக்கரண்டி சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய க்ளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

குத்திய ஊசிகளைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். தூய்மைப் பணியாளர் கையில் ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மூடி ஒட்டி, வாங்கிக்கொள்ளும் மருத்துவமனையில் கொடுங்கள்.

2011 தானே புயல் போல மின்சாரம் நாள்கணக்கில் போனாலும் மெஷின் ஓடும். பெரும்பாலானவற்றுக்குப் பொத்தான் பேட்டரிதான், உபரியாக ஒன்று இருக்கட்டும். பேட்டரி மாற்றினால் பல மெஷின்களில் தேதி, நேரம் அழிந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று மருத்துவரால் பிரித்துப் படிக்க முடியாது.