பாலிஷ் மெஷினை கார்பெட் மெஷின் என்று விற்கிறார்கள், உஷார்

ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள், லாட்ஜ், மண்டபம் வைத்திருப்பவர்கள், புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் எல்லோரும் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். கார்பெட் கழுவ சிங்கிள் டிஸ்க் மெஷின் (ஒரே வட்டத் தட்டு சுழன்று தேய்க்கும் மெஷின்) கேட்டால், தரைக்குப் பாலிஷ் போடும் வேகமான மெஷினில் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டித் தலையில் கட்டுகிறார்கள். எங்களுக்கு அதுதான் நடந்தது.

நானும் என் மச்சானும் ஓ.எம்.ஆர். பக்கம் சின்ன ஆபீஸ்களுக்குத் துப்புரவு வேலை செய்து பிழைக்கிறோம். "கார்பெட் ஷாம்பு வாஷுக்கு மட்டும்தான் வேணும், 17 இஞ்ச், 175 ஆர்பிஎம்" என்று டீலரிடம் தெளிவாகவே கேட்டோம். ஆர்பிஎம் என்றால் தட்டு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு. "இது அதுக்குன்னே வர்ற ஐட்டம் சார்" என்று காட்டினார். மோட்டார் மேல் "கார்பெட் ஸ்பெஷல், 175 ஆர்பிஎம், 2 ஹெச்பி" என்று பெரிய ஸ்டிக்கர். 42,000 ரூபாய் கொடுத்து எடுத்து வந்தோம்.

முதல் வேலையே ஓர் ஆபீசின் மீட்டிங் ஹால். பாலிப்ரொப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக் நூல்) கார்பெட். ஓட்டிய பையன் இந்த வகை மெஷினிலேயே பழகியவன். பானட் பேட் (கார்பெட் துடைக்கும் வட்டத் துணிப் பேட்) போட்டு சுவிட்சை அழுத்தியதும் கைப்பிடி அவனை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. எப்படியோ அடக்கி முடித்தான். காய்ந்த பிறகு பார்த்தால் ஹால் முழுக்க வட்ட வட்டமாக மினுமினுப்பு. சோப்பு மிச்சம் என்று நினைத்து வெந்நீர் பாய்ச்சி உறிஞ்சி எடுக்கும் எக்ஸ்ட்ராக்ஷன் கூடச் செய்து பார்த்தோம். போகவில்லை. நூல் முனைகள் உருகிப் படிந்து போன தடம் அது. அதற்கு மருந்து கிடையாது, கார்பெட்டை மாற்றத்தான் வேண்டும். மாற்றிக் கொடுத்தோம், எங்கள் கைக்காசில்.

மெஷினைப் பிரித்த மெக்கானிக்தான் ஸ்டிக்கரை உரித்தார். அடியில் கம்பெனியின் நேம் பிளேட். அதில் 400 ஆர்பிஎம், 1,100 வாட்ஸ் என்று அச்சடித்திருந்தது. ஒரு ஹெச்பி என்பது 746 வாட்ஸ். ஆக, 2 ஹெச்பி என்பதும் பொய், ஒன்றரைதான் வரும். பவரில் ஏமாற்றியதைக்கூட விடலாம், வேகத்தில் ஏமாற்றியதுதான் எங்களைக் கவிழ்த்தது.

17 இஞ்ச் பேட் ஒரு சுற்று சுற்றினால் அதன் விளிம்பு சுமார் 1.35 மீட்டர் ஓடும். 175 ஆர்பிஎம் என்றால் நிமிஷத்துக்கு 236 மீட்டர். 400 என்றால் 540 மீட்டர். பாலிஷ் வேலைக்கு அந்த உராய்வுச் சூடுதான் வேண்டும், பளபளப்பு அதில்தான் ஏறும். கார்பெட்டுக்கு அதுவே எமன். பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி வாக்கில் உருகிவிடும். நைலானில் மலிவான வகைகூட 220 வரை தாங்கும். பேட் ஈரம் வற்றிய நிலையில் ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றினால் போதும். உருகாவிட்டாலும், வெட்டிய நுனி உள்ள கார்பெட்டில் முறுக்கு பிரிந்து நூல் பஞ்சாகிவிடும்.

டீலரிடம் போனோம். முதலில் "கார்பெட்டே மட்டம் சார்" என்றார். ஸ்டிக்கரைக் காட்டியதும், "பில்லைப் பாருங்க, ஃப்ளோர் மெஷின்னுதான் போட்டிருக்கேன்" என்றார். அந்தப் பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்துத்தான் பில் போட்டிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் பில்லில் "கார்பெட் உபயோகத்துக்கு, 175 ஆர்பிஎம்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையே வேண்டாம். ஸ்டிக்கரை நம்பாமல் நேம் பிளேட்டைப் பாருங்கள். அதிலும் சந்தேகம் இருந்தால், பிரஷின் பக்கவாட்டு விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டி, ஈரத் தரையில் ஓட்டச் சொல்லி, போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். 175 என்றால் டேப் ஒரு செகண்டில் மூன்று முறைதான் வரும். 400 என்றால் ஆறேழு முறை. இதை எந்த டீலராலும் மறைக்க முடியாது.

பிரஷையும் பாருங்கள். எங்களுக்குக் கொடுத்தது தரை தேய்க்கிற சொரசொரப்பு பிரஷ். கார்பெட்டுக்கு மிருதுவான ஷாம்பு பிரஷ், அதன் வழியாகக் கரைசல் இறங்க மெஷினிலேயே டேங்க், இரண்டும் வேண்டும். "இது இருந்தா வேக்குவம் தேவையில்லை" என்றும் சொன்னார். சுத்தப் பொய். சிங்கிள் டிஸ்க் தேய்க்கும், உறிஞ்சாது. ஷாம்பு போட்டால் உறிஞ்ச வெட் வேக்குவம் கட்டாயம். இல்லாவிட்டால் நாற்றம் அடிக்கும், சணல் அடித்துணி உள்ளதில் பழுப்புக் கறை மேலேறும்.

கார்பெட் என்ன நூல் என்று தெரியாவிட்டால் மறைவான மூலையில் ஒரு இழை வெட்டி, சோப்புத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். நைலான், கம்பளி எல்லாம் மூழ்கும்.

தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று டீலர் மிரட்டினார். அதற்குப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவருக்கு விலக்கு இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கோர்ட் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டோம், வழக்குக்கான காகிதங்களும் தயாராகின்றன.

இதே மாதிரி "கார்பெட் ஸ்பெஷல்" ஸ்டிக்கரோடு யாரிடமாவது மெஷின் இருந்தால், முதலில் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். உரிப்பதை வீடியோ எடுங்கள். அப்புறம் அடியில் இருக்கும் நேம் பிளேட்டையும் சீரியல் நம்பரையும் படம் எடுத்து வையுங்கள். உரித்த ஸ்டிக்கரைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி.