நியூயார்க் நகரக் குழாய்த் தண்ணீர்: ஒரு மதிப்புரை

நியூயார்க்கில் வாடகைக்குக் குடியிருக்கும் பெரும்பாலோர் தண்ணீர்க் கட்டண ரசீதைப் பார்ப்பதேயில்லை, ஏனெனில் அது கட்டட உரிமையாளருக்குப் போய்விடுகிறது. கைப்பேசித் திட்டத்தையும் இணைய இணைப்பையும் அலசி ஆராய்ந்து எழுதுகிற நாம், இந்த நகரம் நமக்குத் தரும் மிகச் சிறந்த சேவையைப் பற்றி எழுதாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புதிதாகக் குடிவரும் நம்மவர்களில் பலர் முதல் வாரத்திலேயே புட்டித் தண்ணீரைப் பெட்டி பெட்டியாக வாங்கத் தொடங்குகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரின் தரம். நகரின் பெரும்பகுதிக்கு வருவது மென்னீர். கேட்ஸ்கில் மலைப்பகுதியின் பாறைகள் பெரும்பாலும் மணற்கல்லும் களிப்பாறையும் என்பதால், சுண்ணாம்புப் பாறையில் ஊறிவரும் நீரைப்போல இதில் உப்புகள் அதிகம் கரைவதில்லை. கொதிகலத்தின் அடியில் வெள்ளைப் படலம் கட்டுவதில்லை, துவரம்பருப்பு சிரமமில்லாமல் குழைய வேகிறது, காபியின் மணம் கெடுவதில்லை. குளோரின் வாடை சில நாள்களில் சற்றே தூக்கலாக இருக்கும். கூஜாவில் ஊற்றித் திறந்து வைத்தால் அது குறைந்துவிடும். சுவைக்காக மட்டும் மதிப்பெண் கொடுப்பதென்றால் நான் தாராளமாகவே கொடுப்பேன்.

ஆனால் இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு குழாய்க்கு வெகுதொலைவில், நகருக்கு வடக்கிலும் வடமேற்கிலும் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருக்கிறது. அங்குள்ள 19 நீர்த்தேக்கங்களிலிருந்தும் 3 ஏரிகளிலிருந்தும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி லிட்டர் நீர், பெரும்பாலும் புவியீர்ப்பு விசையாலேயே இறங்கி வந்து, 90 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கிடைக்கிறது. இதில் கேட்ஸ்கில், டெலவேர் ஆகிய இரண்டு அமைப்புகளின் நீர் வடிகட்டும் நிலையம் எதனுள்ளும் நுழைவதில்லை. குளோரினும் புற ஊதாக் கதிரும் கிருமிகளை அழிக்கின்றன. வடிகட்டும் வேலையைக் காடும் மண்ணும் ஓடைக்கரையும் செய்கின்றன.

இந்த நிலை தானாக வந்ததன்று. மேற்பரப்பு நீரை வழங்கும் நகரங்கள் அதை வடிகட்ட வேண்டும், அல்லது நீர்ப்பிடிப்புப் பகுதியைத் தன்னால் காக்க முடியும் என்று நிரூபித்து விலக்குப் பெற வேண்டும் என 1989-இல் அமெரிக்க ஒன்றிய அரசு விதி வகுத்தது. வடிகட்டும் நிலையம் கட்ட 600 கோடி முதல் 800 கோடி டாலர் வரை ஆகும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. ஆண்டுதோறும் அதை இயக்கும் செலவு தனி. நகர நிர்வாகம் முதலில் கட்டுப்பாடுகளை அறிவித்தது. மலைப்பகுதி ஊர்கள் கொதித்தெழுந்தன. அதில் நியாயம் இருந்தது. 1915-இல் பயன்பாட்டுக்கு வந்த அஷோகன் நீர்த்தேக்கத்துக்காக அவர்களுடைய முன்னோர் சுமார் 2,000 பேர் வீடுகளை இழந்தார்கள், கல்லறைகள்கூடத் தோண்டி எடுத்து வேறிடத்தில் வைக்கப்பட்டன. நகரம் எடுத்துக்கொள்ளும், ஊர் இழக்கும் என்பதே அவர்கள் கண்ட வரலாறு.

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1997 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தம் அந்த வரலாற்றை ஓரளவேனும் திருத்தியது என்பது என் கருத்து. பாதுகாப்புக்காக நகரம் நிலம் வாங்கலாம், ஆனால் விற்க விரும்புவோரிடம் மட்டுமே, சந்தை விலைக்கே வாங்க வேண்டும். வாங்கிய நிலத்துக்கு உள்ளூருக்குச் சேர வேண்டிய சொத்து வரியையும் கட்ட வேண்டும். பழுதான கழிவுநீர்த் தொட்டிகளைச் சீரமைக்கவும், ஊர்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தவும் நகரமே பணம் தருகிறது. நமது கட்டடத்தின் தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு பகுதி, நாம் பார்த்தேயிராத ஒரு சிற்றூரின் கழிவுத்தொட்டிக்குப் போகிறது. அதைவிடப் பயனுள்ள செலவு இந்த நகரத்தின் கணக்கில் அதிகம் இருக்காது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது பால்பண்ணைகளுக்கான திட்டம். விவசாயிகளும் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, ஒவ்வொரு பண்ணைக்கும் அதன் நிலம் சரிந்திருக்கும் விதம், மாடுகளின் எண்ணிக்கை, ஓடை செல்லும் வழி ஆகியவற்றைப் பார்த்துத் தனித்திட்டம் வகுத்தார்கள். 1993-இல் மில்வாக்கி நகரக் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி புகுந்து சுமார் 4 லட்சம் பேரை நோயில் தள்ளியது. குளோரினுக்கு எளிதில் சாகாத அந்த ஒட்டுண்ணியை இளங்கன்றுகள் அதிகம் வெளியேற்றுகின்றன என்பதால், கன்றுகளை உலர்ந்த, காற்றோட்டமான தனிக்கொட்டிலில் வளர்ப்பது, சாணத்தை மழைக்குமுன் வயலில் இடாமல் சேமித்து வைப்பது, ஓடைக்கு வேலியிட்டு மாடுகளுக்கு வேறிடத்தில் தண்ணீர் காட்டுவது போன்ற ஏற்பாடுகள் நகரத்தின் செலவில் செய்யப்பட்டன. இதில் சேர்வது பெரும்பாலும் விவசாயியின் விருப்பம். அதட்டி வாங்க முடியாததை ஆராய்ச்சியும் மரியாதையும் சேர்ந்து வாங்கித் தந்திருக்கின்றன.

குறைகளும் உண்டு, அவை சிறியவையல்ல. அஷோகன் நீர்த்தேக்கத்துக்கு நீர் கொண்டுவரும் எசோபஸ் ஓடையின் கரைகளில் பனியாற்றுக் காலத்துக் களிமண் படிந்திருப்பதால், பெருமழை பெய்தால் நீர் கலங்கிவிடுகிறது. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயலுக்குப் பின் பல மாதங்கள் படிகாரம் சேர்த்தே கலங்கலைப் படியவைக்க வேண்டியிருந்தது. அவ்வாறு படியும் வண்டல் கென்சிகோ நீர்த்தேக்கத்தின் அடியில் சேர்கிறது. கன மழை அடிக்கடி வரும் காலத்தில், வடிகட்டாத நீர் என்ற பெருமைக்கு இதுவே பெரிய சோதனை. நீர்த்தேக்கங்களில் மிதக்கும் தானியங்கிக் கருவிகள் கலங்கலை அளக்கின்றன, அந்த அளவீடுகளைக் கொண்டு எந்த நீர்த்தேக்கத்திலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதைக் கணினி மாதிரிகளின் உதவியோடு தீர்மானிக்கிறார்கள். இருந்தாலும் ஓடைக்கரைகளை உறுதிப்படுத்தும் பணி இன்னும் விரைவாக நடக்க வேண்டும். எங்கோ மலையுச்சியில் நிலம் வாங்குவதைவிட ஓடைக்கரை நிலங்களுக்கு முன்னுரிமை தருவதே இனிச் சரியாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

இரண்டாவது குறை கசிவு. 137 கிலோமீட்டர் நீளமுள்ள டெலவேர் சுரங்கக் கால்வாயிலிருந்து பல்லாண்டுகளாக நாளொன்றுக்கு 13 கோடி லிட்டர் வரை கசிந்து வந்தது. ஹட்சன் ஆற்றின் அடியில் மாற்றுச் சுரங்கம் தோண்டி முடித்து, அதை இணைப்பதற்காக 2024 அக்டோபரில் கால்வாயை மூடினார்கள். ஆனால் கடும் வறட்சி வந்ததால் நவம்பரில் பணியை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. காட்டையும் ஓடையையும் இவ்வளவு அக்கறையோடு காக்கும் ஓர் அமைப்பு, சேர்த்த நீரை இத்தனை காலம் வழியில் சிந்தவிட்டது எனக்கு வருத்தமளிக்கிறது.

க்ரோட்டன் அமைப்பைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். நகருக்கு மிக அருகிலுள்ள, மிகப் பழைய இந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் வீடுகளும் சாலைகளும் பெருகிவிட்டதால், அதன் நீரை வடிகட்டியே ஆக வேண்டும் என்றாகி, பிராங்க்ஸ் பகுதியில் பூமிக்கடியில் 300 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு ஒரு நிலையம் கட்டப்பட்டு, 2015-இல் இயங்கத் தொடங்கியது. நகரின் தேவையில் சிறு பங்கை மட்டுமே தரும் அமைப்புக்கு இவ்வளவு செலவு. அதோடும் முடியவில்லை. குளிர்காலத்தில் சாலைகளில் கொட்டப்படும் உப்பால் அங்கே நீரில் குளோரைடு ஏறிக்கொண்டே வருகிறது, கரைந்த உப்பை அந்த நிலையத்தால் அகற்ற முடியாது. உப்பைக் குறைத்துத் தூவுவதைத் தவிர வேறு மலிவான வழி கிடையாது.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக: சொந்த வீடு வைத்திருப்போருக்கு ரசீதில் உறுத்துவது கழிவுநீர்க் கட்டணமே, அது தண்ணீர்க் கட்டணத்தைப்போல் 159 விழுக்காடு. தண்ணீருக்கான விலை புட்டித் தண்ணீரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு.

வாங்குவோருக்கு, அதாவது நம் எல்லோருக்கும், ஓர் எச்சரிக்கை. நீர்த்தேக்கத்திலிருந்து வரும் நீரில் ஈயம் அநேகமாக இருக்காது, பழைய கட்டடக் குழாய்களிலிருந்து அது கலக்கலாம். மென்னீர் உலோகத்தை அரிக்கும் இயல்புடையது என்பதால் நகர நிர்வாகம் பாஸ்பேட் சேர்த்து அரிப்பைத் தடுக்கிறது. எனினும் 1961-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஈயக் குழாய் இணைப்பு இருக்க வாய்ப்புண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கவனிக்காமல் விடக் கூடாது. இரவு முழுவதும் குழாயில் நின்ற நீரைச் சிறிது நேரம் ஓடவிட்ட பிறகே பிடியுங்கள், சமையலுக்கும் பால்பொடி கரைப்பதற்கும் வெந்நீர்க் குழாயைத் திறக்காமல் குளிர்ந்த நீரையே எடுங்கள். 311 என்ற எண்ணை அழைத்தால் ஈயச் சோதனைக்கான புட்டிகளை இலவசமாக அனுப்புகிறார்கள். புட்டித் தண்ணீருக்கு நிரந்தரமாகப் பணம் செலவிடுவதற்கு முன் அந்தச் சோதனையைச் செய்துபாருங்கள்.