மஞ்சள் கரிசலாங்கண்ணி நாற்று: மூன்றில் ஒன்று வேறு செடி

மதிப்பெண்: 5-க்கு 3

ஆன்லைனில் வாங்கிய மூன்று நாற்று பேக், 150 ரூபாய், கூரியர் தனி. வந்ததில் இரண்டு அசல். மூன்றாவது, சாலை நடுவே அழகுக்கு வைக்கும் சிங்கப்பூர் டெய்சி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து, உலகின் மோசமான 100 ஊடுருவிகள் பட்டியலில் ஏறிய கொடி.

இரண்டுக்கும் பூ மஞ்சள்தான், நீளக் காம்பில் ஒற்றையாக நிற்கும். பூவை வைத்து முடிவு கட்டினால் ஏமாறுவோம், இலையைப் பாருங்கள். அசலுக்கு இலை ஒடுக்கம், ஓரத்தில் ஓரிரு பல் இருந்தால் உண்டு, தடவினால் சொரசொரக்கும். மற்றதில் இலை தடித்து, எண்ணெய் தடவியதுபோல் மின்னும். நுனிப்பக்கம் மூன்று மடலாகப் பிரியும். கீரைக்கு அதை ஆயாதீர்கள். பிடுங்கி வாய்க்காலில் வீசவும் கூடாது, கணுவுக்குக் கணு வேர்விடும். வெயிலில் சருகாகக் காயவிட்டுப் பிறகு குப்பைக்குழிக்குப் போடுங்கள். வெள்ளைப் பூ கரிசலாங்கண்ணியோ விதையில் முளைக்கும் ஒருபருவச் செடி. மஞ்சள் பல ஆண்டு நிற்கும்.

பேக்கிங் நன்று, வேர் கலையவில்லை. குறை தேங்காய்நார்க் கட்டியில்: அப்படியே நட்டால் சுற்று மண் ஈரமாயிருக்க, கட்டி மட்டும் காய்ந்து செடி துவளும். தண்ணீரில் ஊறவைத்து, வெளி நாரை உதிர்த்து நடுங்கள்.

இது தரையில் படரும் செடி, ஆகவே ஆழப் பை வீண். 12 அங்குல அகலம், 6 அங்குல ஆழம் போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மட்கிய தொழுவுரம் ஒன்று. வயல் வரப்பு, குளக்கரைச் செடி என்பதால் ஈரம் வேண்டும். ஆனால் அடியில் ஓட்டை அடைத்தால் தண்டு அழுகும். முழு நிழலில் தண்டுதான் நீளும், இலை சேராது. காலை வெயில் படும் இடம் சரி. பெருக்க, நான்கு கணுத் தண்டில் கீழிரண்டை மண்ணில் புதைத்தால் போதும். அசல் இரண்டு கிடைத்தால் மறுபடி வாங்க வேண்டியதில்லை.

லேபிளில் “15 நாளில் முடி வளரும்” என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்தச் செடியிலிருந்து 1956-ல் வேதியியலாளர் கோவிந்தாச்சாரி குழுவினர் வெடலோலாக்டோன் என்ற வேதிப்பொருளின் அமைப்பைக் கண்டறிந்தது உண்மை. ஆனால் 15 நாள் கணக்கு விற்பவரின் கைவரிசை.

அதே கடையின் பொடியைத் தவிர்த்துவிடுங்கள். அரைத்த பிறகு எந்த இலை என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.